வேட்பாளரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

தேர்தல் வந்துவிட்டால் வலியசாலைத் தெருக்களில் மூன்று அணிகளின் கொடிகளும் பறக்கும். வேட்பாளர்கள் வீடு வீடாக வந்து கைகூப்புவார்கள். எந்தக் கட்சியினராயினும் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் தவறாமல் சொல்வது இரண்டு: பென்ஷன் உயரும், மருத்துவச் செலவை அரசு ஏற்கும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மாத்திரை வாங்கவும் மாதப் பணத்தையே எதிர்பார்த்திருக்கும் முதியோர் நம்மிடையே பலர். அவர்கள் பொருட்டு நாம் வேட்பாளரிடம் மூன்று கேள்விகள் கேட்பது நலம்.

முதற் கேள்வி: எந்தப் பென்ஷன்?

பென்ஷன் என்ற ஒரே சொல் பலவற்றைக் குறிக்கிறது. ஏழை முதியோர், விதவையர், ஊனமுற்றோர், விவசாயத் தொழிலாளர் ஆகியோருக்கு மாநில அரசு தரும் நலப் பென்ஷன் ஒன்று. அரசு ஊழியரின் பென்ஷன் மற்றொன்று. கேரளத்தில் 2013 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் தம் சம்பளத்திலிருந்தும் பங்கு செலுத்தும் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். முன்பே சேர்ந்தவர்களுக்குப் பழைய முறை. தனியார் நிறுவனங்களில் உழைத்தவர்களுக்கு வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த பென்ஷன் உண்டு. அதன் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று உயராது.

இரண்டாம் கேள்வி: இது உங்கள் கையில் உள்ளதா?

நலப் பென்ஷன் தொகையை முடிவு செய்வது மாநில அரசு. வருங்கால வைப்பு நிதிப் பென்ஷனோ மத்திய அரசின் பொறுப்பு. ஆகவே சட்டமன்ற வேட்பாளர் வைப்பு நிதிப் பென்ஷனை உயர்த்துவதாகச் சொன்னால், டில்லியில் குரல் கொடுப்பேன் என்பதே அதன் பொருள். மருத்துவத்திலும் இவ்வாறே. 70 வயது நிறைந்த அனைவருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்பது 2024 மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சியின் வாக்குறுதி. அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசு அதைத் தொடங்கியது. கேரள அரசின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் குடும்பத்திற்கு 5 லட்சம் வரை என ஏற்பட்டது. எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவானதன்று.

மூன்றாம் கேள்வி: பணம் எங்கிருந்து?

2021 சட்டமன்றத் தேர்தலில் நலப் பென்ஷனை 2500 ஆக்குவோம் என்றது இடதுசாரி அணி. 3000 என்றது ஐக்கிய ஜனநாயக முன்னணி. 3500 என்றது தேசிய ஜனநாயகக் கூட்டணி. வென்ற இடதுசாரி அணி முந்தைய ஐந்தாண்டுகளில் பெரும்பாலோருக்கு 600 ஆக இருந்த தொகையை 1600 வரை உயர்த்தியிருந்தது. எனினும் அத்தொகை 2025 வரை அப்படியே நின்றது. அவ்வாண்டு நவம்பரில்தான் 2000 ஆயிற்று. இடையில் பல மாதத் தவணைகள் நிலுவையாயின. பென்ஷன் வழங்கவென மாநில அரசு 2018இல் அமைத்த நிறுவனம் வாங்கும் கடனை, மத்திய அரசு மாநிலத்தின் கடன் வரம்பில் சேர்த்தது ஒரு காரணம் என மாநில அரசு கூறியது. மத்திய அரசு அதனை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறமிருக்க, தாமதத்தைத் தாங்கியவர் பென்ஷன்காரர்தாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. 2500 என்ற சொல்லைவிட மாதந்தோறும் தவறாது வரும் 1600 மேல்.

தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நலப் பென்ஷனும் மாநில மருத்துவக் காப்பீடும் முகவரி, ரேஷன் கார்டு, வருமானச் சான்று ஆகியவற்றைச் சார்ந்தவை. முதியவர் இங்கே, கார்டு நாகர்கோவிலில் என்றிருந்தால் இரு மாநிலச் சலுகையும் கைநழுவக்கூடும். கேரள நலப் பென்ஷனுக்கு நமது மாநகராட்சியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பெற்று வருவோர் தாம் உயிருடன் இருப்பதை அட்சய மையங்களில் குறித்த காலத்தில் பதிவு செய்யாவிட்டால் தொகை நின்றுவிடும். மலையாளத்தில் வரும் அறிவிப்பைப் படித்துச் சொல்ல ஆளில்லாத முதியவருக்கு, அடுத்த வீட்டு இளைஞர் ஒருவர் துணை நின்றால் அதுவே பெரிய உதவி.

வாக்கு யாருக்கு என்பது அவரவர் விருப்பம். ஆனால் இம்மூன்று கேள்விகளையும் கேட்டு, விடையைக் குறித்து வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு கழித்து அவர் மீண்டும் நம் வாசலுக்கு வரும்போது அந்தக் குறிப்பு பயன்படும்.