ஐந்தாம் மாத ஸ்கேனும் இரண்டாம் மாத தைராய்டும்

"பிள்ளைக்குப் போற ரத்த ஓட்டம் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று ஐந்தாம் மாத ஸ்கேனில் சொல்லிவிட்டால் வீடே கலங்கிப்போகும். மாதுளை வரும், பேரீச்சை வரும். ஆனால் அந்த ரத்தப் பாதை உருவாகத் தொடங்கியது மாதங்களுக்கு முன்பு. அந்த வேலையில் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கும் பங்கு உண்டு.

கருப்பைச் சுவரில் சுருள் சுருளாக ஓடும் தமனிகள் இயல்பில் குறுகலானவை. கரு பதிந்ததும் நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் புகுந்து, சுவரிலுள்ள தசையை நீக்கி, அகன்ற குழாய்களாக மாற்றுகின்றன. இது பெரும்பாலும் 20 வாரத்துக்குள் முடிந்துவிடும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்வது இதனால்தான். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் அதிராம்பட்டினம் பக்கத்து விவசாயிக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். மேட்டூர் அணை திறக்குமுன் தூர் வாராத வாய்க்காலில், பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கடைசி வயலுக்கு வந்து சேராது.

தமனிக்குள் புகும் அந்தச் செல்கள் தைராய்டு ஹார்மோனின் சொல் கேட்பவை. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவும் அந்த ஹார்மோன் உதவுகிறது. அது போதாதபோது தமனிகள் முழுதாக விரியாமல் போகலாம். டாப்ளர் ஸ்கேனில் கருப்பைத் தமனியில் ரத்த ஓட்டத்துக்கான எதிர்ப்பு கூடுதலாகத் தெரியலாம். கர்ப்பகால ரத்த அழுத்தம், எடை குறைந்த குழந்தை, குறைப்பிரசவம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடுகிறது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தாலும் ஏறக்குறைய இதே தொல்லைகள்தான்.

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 17,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்து 2005இல் வெளியான ஆய்வில், லேசான தைராய்டு குறைபாடு இருந்தவர்களுக்கு நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல் மற்றவர்களைவிட மூன்று மடங்கு இருந்தது. அப்படியானால் தைராய்டு மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமா? 2017இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், லேசான குறைபாட்டுக்கு மாத்திரை கொடுத்தும் பலன் தெரியவில்லை. அங்கே மாத்திரை தொடங்கியது சராசரியாக 17ஆம் வாரம் வாக்கில். தமனிகள் பெருமளவு உருமாறிவிட்ட நேரம். முன்பே கொடுத்திருந்தால் பலித்திருக்கும் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் நாள் தள்ளிப்போனதுமே, தைராய்டு குறையும்போது கூடும் டி.எஸ்.எச். ஹார்மோனை ரத்தத்தில் பார்ப்பது நல்லது என்று நினைக்க இது போதும். டி.எஸ்.எச். இம்மியளவு கூடியதற்காக நடுங்கவும் வேண்டாம். வெளிப்படையான குறைபாட்டுக்கு மட்டும் சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது.

கடலோர ஊரில், மீன் தின்கிற ஊரில் அயோடின் குறையுமா என்று கேட்கலாம். மீனில் உண்டு. உப்பளத்தில் விளையும் உப்பில் அநேகமாக இல்லை. தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்க 2006இலேயே தடை வந்துவிட்டது. இருந்தும் 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் தமிழக வீடுகள் 61.9 சதவீதம்தான். நாட்டிலேயே கடைசி இடம். உப்பளங்களுக்குப் பேர்போன மாநிலத்துக்கு இது அழகில்லை. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதேசமயம், உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும் குறைபாடு வரும். அதை உப்பு மாற்றித் தீர்க்க முடியாது.

குடும்பத்தில் தைராய்டு கோளாறு, முன்பு தொடர் கருச்சிதைவு போன்ற நிலைகளில் பரிசோதனை அவசியம் என்கிறது 2014இன் மத்திய அரசு வழிகாட்டுதல். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கர்ப்பம் உறுதியானதும் சுமார் கால் பங்கு கூடுதலாகத் தேவைப்படலாம் என்பதால், முதல் செக்கப் வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி தேவை. சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது. ரமலானில் நோன்பு வைக்கும் கர்ப்பிணிகள், மாத்திரையைத் தூங்கப் போகும்போது போடுவதா விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு முன்பா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.