பிளாப்பி, ஜிப் டிஸ்க்கில் சிக்கிக் கிடக்கும் கானா சத்தம்: பழைய சாம்ப்ளர் மெஷின்களைக் காப்பாற்றுவது எப்படி?

மூலக்கொத்தளம்னு சொன்னாலே வடசென்னைக்காரங்களுக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939இல் உயிரிழந்த நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடம் உள்ள இடுகாடு. இன்னொன்று, துக்க வீட்டு வாசலில் விடிய விடிய ஒலிக்கும் கானா.

கானா நோட்டுப் புத்தகத்தில் வளர்ந்த பாட்டு அல்ல. பாடுகிறவர் குரலிலும், டோலக் அடிக்கிறவர் விரலிலும் இருப்பது. அந்தக் குரலும் அடியும் முதலில் கேசட்டில் பதிவாயின. பிறகு இன்னிசைக் குழுக்களின் கீபோர்டு, பேடு, சாம்ப்ளர் என்று மெஷின்களுக்குள் போயின. அந்த மெஷின்களில் பல இன்னமும் ஓடும். ஆனால் சத்தத்தைச் சேமித்து வைத்த பிளாப்பியும் ஜிப் டிஸ்க்கும்தான் இப்போது ஆபத்தில் இருக்கின்றன.

வீட்டுப் பரண் மேல், குழுவின் பழைய பெட்டியில் இப்படி ஏதாவது கிடக்கிறதா? மெஷினில் செருகிப் பார்ப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சாம்ப்ளர் என்றால் என்ன?

சாதாரண கீபோர்டில் கம்பெனி போட்டுக் கொடுத்த சத்தம்தான் வரும். சாம்ப்ளர் அப்படி அல்ல. டோலக்கில் ஒரு தட்டு, பறையில் ஒரு அடி, ஒருவர் இழுத்த ஒரு 'ஏலே' என்று எதையும் பதிவு செய்து, ஒரு கட்டையிலோ பேடிலோ ஏற்றிவிடலாம். தட்டும்போதெல்லாம் அதே சத்தம் வரும்.

ஜப்பானின் அகாய் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த எஸ்1000, உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் நின்ற 16-பிட் சாம்ப்ளர். அதே ஆண்டில் வந்த எம்பிசி60, பேடு தட்டி வாசிக்கும் வகை. இதன் வாரிசான எம்பிசி2000 1997இல் வந்தது. 1999இல் வந்த கோர்க் ட்ரைட்டன் கீபோர்டிலும் சாம்ப்ளிங் வசதியும் பிளாப்பி டிரைவும் உண்டு.

டிஸ்க் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்த மெஷின்களில் நாம் பதிவு செய்த சத்தம் ராம் நினைவகத்தில் தங்கும். கரண்ட் போனால், அல்லது சுவிட்சை அணைத்தால், எல்லாம் காலி. அடுத்த முறை போடும்போது டிஸ்க்கில் இருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.

அதாவது, டிஸ்க் கெட்டுப்போனால் மெஷின் நன்றாக இருந்தும் பயன் இல்லை. இருக்கிற ஒரே பிரதி டிஸ்க்கில் உள்ளதுதான். பெரியவர் ஒருவரின் குரலை அதில் பதிவு செய்து வைத்திருந்து, அவர் இன்று உயிரோடு இல்லை என்றால், அந்தச் சத்தத்தை மறுபடி எடுக்கவே முடியாது.

ஒரு டிஸ்க்கில் எவ்வளவு பிடிக்கும்?

சிடி தரத்தில் ஸ்டீரியோ ஒலிக்கு ஒரு நொடிக்கு சுமார் 1.76 லட்சம் பைட் வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. இந்தக் கணக்குப்படி:

• 1.44 எம்பி பிளாப்பி: ஸ்டீரியோவில் சுமார் 8 நொடி, மோனோவில் சுமார் 16 நொடி

• 100 எம்பி ஜிப் டிஸ்க்: ஸ்டீரியோவில் சுமார் 9 நிமிடம்

ஒரு ஜிப் டிஸ்க் ஏறக்குறைய 70 பிளாப்பிக்குச் சமம். அமெரிக்காவின் ஐயோமெகா நிறுவனம் 90களின் நடுவில் ஜிப்பைக் கொண்டுவந்ததும் சாம்ப்ளர் வைத்திருந்தவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு இதுதான் காரணம். கச்சேரி நடுவில் ஒவ்வொரு பாட்டுக்கும் பிளாப்பி மாற்றும் தொல்லை போயிற்று. சாம்ப்ளரின் பின்னால் உள்ள 'ஸ்கஸி' என்ற இணைப்பில் இந்த டிரைவை மாட்டினார்கள்.

இப்போது ஏன் கவலை?

புது டிஸ்க் வருவது நின்றுவிட்டது. சோனி நிறுவனம் 2011இல் பிளாப்பி விற்பனையை நிறுத்தியது. அரசு அலுவலக விதிகளில் பிளாப்பியை விடாமல் வைத்திருந்த ஜப்பான்கூட, 2024இல் அந்த விதிகளைக் கிட்டத்தட்ட முழுவதுமாக நீக்கிவிட்டது.

இரண்டாவது, நம்ம ஊர் காற்று. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். டிஸ்க்கின் காந்தப் படலத்தில் பூஞ்சை பிடிக்கும், டிரைவின் இரும்புப் பாகங்களில் துரு ஏறும். பூஞ்சை பிடித்த பிளாப்பியை அப்படியே செருகினால், அழுக்கு டிரைவின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும்.

ஜிப்பில் இதைவிட மோசமான ஒரு நோய் உண்டு. 'டக்... டக்... டக்' என்று விடாமல் சத்தம் வரும். இதற்கு 'சாவு கிளிக்' என்றே பெயர். ஹெட் கெட்டுப்போன டிரைவ் டிஸ்க்கைக் கெடுக்கும். கெட்ட டிஸ்க் அடுத்த டிரைவின் ஹெட்டைக் கெடுக்கும். தொற்றுநோய் மாதிரி. இதற்காக 1998இல் அமெரிக்காவில் அந்த நிறுவனத்தின் மீது வழக்கே போடப்பட்டது.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

வாசிப்பது அல்ல, நகல் எடுப்பது. வரிசையாகப் பார்க்கலாம்.

1. பூட்டுங்கள்: பிளாப்பியின் மூலையில் உள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தி, ஓட்டை தெரியும்படி வையுங்கள். அப்போது யாரும் தவறுதலாக அதில் எழுதவோ அழிக்கவோ முடியாது. ஜிப் டிஸ்க்கில் இப்படி ஒரு தாழ்ப்பாள் கிடையாது. அதனால் கூடுதல் கவனம் தேவை.

2. 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் சொல்லுங்கள்: சாம்ப்ளர்கள் தங்களுக்கென்று தனி முறையில் டிஸ்க்கில் எழுதும். அது விண்டோஸ் கம்ப்யூட்டருக்குப் புரியாது. உடனே 'இந்த டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லை' என்று பெட்டி வரும். பழக்கதோஷத்தில் 'ஓகே' கொடுத்தால், இருந்ததும் போயிற்று.

3. பிளாப்பிக்கு சரியான கருவி: யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் பெரும்பாலும் வழக்கமான 720 கேபி, 1.44 எம்பி வகையை மட்டுமே படிக்கும். அகாய் எஸ்1000 எழுதும் பிளாப்பி 1.6 எம்பி கணக்கு. அதை இந்த டிரைவ் படிக்காது. பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய சாதா பிளாப்பி டிரைவும், 'க்ரீஸ்வீசல்' என்ற சிறு யுஎஸ்பி பலகையும் சேர்ந்தால், டிஸ்க்கில் உள்ள காந்தத் துடிப்பையே அப்படியே நகல் எடுக்கலாம்.

4. ஜிப்புக்கு யுஎஸ்பி ஜிப் டிரைவ் போதும்: சாம்ப்ளரில் ஸ்கஸி டிரைவில் எழுதிய டிஸ்க்கை, யுஎஸ்பி வகை ஜிப் டிரைவில் போட்டு, லினக்ஸில் 'டிடி' கட்டளை மூலம் முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக எடுத்துவிடலாம். ஆனால் அந்த டிரைவ் நல்லதா என்று முதலில் ஒன்றும் இல்லாத டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். 'டக் டக்' கேட்டால் டிரைவையும் அந்த டிஸ்க்கையும் ஓரம் கட்டுங்கள்.

5. மூன்று இடத்தில் வையுங்கள்: எடுத்த ஃபைல் ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறு வீட்டில் அல்லது கிளவுடில். 'அகாய்யூட்டில்' போன்ற இலவச மென்பொருள் மூலம் அகாய் டிஸ்க் நகலில் இருந்து சத்தங்களைத் தனித்தனி ஃபைலாகவும் பிரிக்கலாம்.

மெஷினை மேடையில் வாசிக்கணும்னா?

நகல் கைக்கு வந்த பிறகு, பழைய டிரைவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. பிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் 'கோடெக்' என்ற எமுலேட்டரை மாட்டலாம். ஒரு பென் டிரைவை அதில் செருகினால் நூற்றுக்கணக்கான பிளாப்பிகள் உள்ளே இருப்பதாக சாம்ப்ளர் நம்பிக்கொள்ளும். கம்பெனியில் இருந்து வரும் மென்பொருளில் எல்லா வகை பிளாப்பியும் ஓடாது. 'ஃப்ளாஷ்ஃப்ளாப்பி' என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்வது நல்லது.

ஜிப் டிரைவுக்குப் பதிலாக எஸ்டி கார்டு போடும் 'ப்ளூஸ்கஸி', 'ஜூலுஸ்கஸி' போன்ற பலகைகள் உண்டு. சுழலும் பாகம் இல்லை, கிளிக்கும் இல்லை.

ஜிப்பையேதான் மாட்டணும் என்றால் மூன்று விதி. ஸ்கஸி வரிசையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் வேண்டும். ஜிப்பில் 5 அல்லது 6 மட்டும்தான் வைக்க முடியும், மெஷின் 6ஐ எடுத்துக்கொண்டிருந்தால் ஜிப்பை 5க்கு மாற்றுங்கள். வரிசையின் கடைசிக் கருவியில் 'டெர்மினேஷன்' சுவிட்சைப் போடுங்கள். கரண்ட் ஓடும்போது கேபிளைப் பிடுங்கவோ செருகவோ கூடாது.

வாங்குகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜார், பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்களால் 1969இல் உருவானது. வெளிநாட்டு எலக்ட்ரானிக் சாமான் என்றால் சென்னைக்காரர்கள் முதலில் போய் நின்ற இடம் அது. இன்று பழைய சாம்ப்ளர்கள் ஆன்லைனில் ஜப்பானில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் வருகின்றன. பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். ஜப்பான் மெஷின் 100 வோல்ட், அமெரிக்க மெஷின் 120 வோல்ட். நம்ம ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் பொசுங்கிவிடும். தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

டிரைவ் சுற்றாமல் நின்றால் உடனே 'செத்துப்போச்சு' என்று தூக்கிப் போடாதீர்கள். சில மெஷின்களின் பிளாப்பி டிரைவில் உள்ள ரப்பர் பெல்ட் வயதாகி இளகியிருக்கும். பெல்ட் மாற்றினால் ஓட வாய்ப்பு உண்டு.

குரல் யாருக்குச் சொந்தம்?

2024இல் வெளியான 'லால் சலாம்' படப் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை ஏஐ மூலம் பயன்படுத்தினார் ஏ.ஆர்.ரஹ்மான். குடும்பத்தினரின் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக அவர் விளக்கம் அளித்தார். பழைய டிஸ்க்கில் ஒருவரின் குரல் கிடைத்தால் அதற்கும் இதுவே நல்ல வழி. இணையத்தில் போடும் முன், அந்தக் குடும்பத்தை ஒரு வார்த்தை கேளுங்கள்.

மொத்தத்தில், மெஷின் மறுபடி கிடைக்கும், டிரைவ் மறுபடி கிடைக்கும். ஒரு பிளாப்பிக்குள் இருக்கும் 16 நொடிக் குரல் மறுபடி கிடைக்காது. பரண் மேல் பெட்டி இருந்தால், அடுத்த மழைக்காலம் வரும் முன் இறக்கிப் பாருங்கள்.