ஏ.ரி.எம். பெட்டகத்துக்குக் காவல் உண்டு; வாடிக்கையாளரின் கணக்குக்கு?

வீதியோரத்தில் இரவு பகலாக விளக்கெரிய நிற்கும் ஏ.ரி.எம். இயந்திரத்தைக் கடந்து செல்கையில், அதனுள்ளே எவ்வளவு பணம் இருக்கும் என்று எண்ணிப் பார்க்காதவர்கள் குறைவு. கோடிக்கணக்கான ரூபா குவிந்து கிடப்பதாகச் சிலர் கருதுகின்றனர். பெருநாளுக்கு முந்திய தினத்திலோ சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலோ பணமின்றித் திரும்ப நேர்ந்தோர், அதனுள் எதுவுமே வைக்கப்படுவதில்லையோ எனச் சலித்துக்கொள்கின்றனர். உண்மை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதனை அறிந்துகொண்டால், நமது பணம் எந்த இடத்தில் பத்திரமாக இருக்கின்றது, எந்த இடத்தில் கைநழுவக்கூடும் என்பதும் விளங்கும்.

உலகின் முதலாவது பணம் வழங்கும் இயந்திரமாகப் பொதுவாகக் கருதப்படுவது, 1967 ஜூன் 27ஆம் திகதி வட இலண்டனின் என்ஃபீல்ட் பகுதியிலுள்ள பார்க்லேஸ் வங்கிக் கிளையில் திறந்துவைக்கப்பட்டதாகும். அதனை உருவாக்கிய ஜோன் ஷெப்பர்ட் பரோன் இந்தியாவின் ஷில்லாங் நகரில் பிறந்தவர். அவ்வியந்திரத்தில் பிளாஸ்டிக் அட்டை பாவிக்கப்படவில்லை. விசேட காசோலைத் தாளொன்றை உட்செலுத்தி இரகசிய இலக்கத்தை அழுத்தினால் 10 பவுண் கிடைக்கும். இரகசிய இலக்கத்தை ஆறு எண்களில் அமைக்க எண்ணியிருந்ததாகவும், தமது மனைவியால் நான்கு எண்களையே நினைவில் வைத்திருக்க முடிந்ததால் அதனை நான்காகக் குறைத்ததாகவும் அவர் பிற்காலத்தில் கூறியிருக்கின்றார்.

இன்றைய ஏ.ரி.எம். இயந்திரத்தில் பணம் 'கசெட்' எனப்படும் பூட்டிய பெட்டிகளில் அடுக்கப்படுகின்றது. வங்கிக் கிளைகளில் காணப்படும் வழமையான இயந்திரத்தில் இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் நான்கு இருக்கும். ஒவ்வொன்றிலும் சுமார் 2,000 நாணயத்தாள்களை அடுக்கலாம். சில வகைகள் இதனிலும் அதிகமாகக் கொள்ளும். நான்கு பெட்டிகளிலும் 5,000, 1,000, 500, 100 ரூபாத் தாள்கள் தலா 2,000 வைக்கப்பட்டால், மொத்தத் தொகை 1 கோடியே 32 இலட்சம் ரூபா. அனைத்தும் 1,000 ரூபாத் தாள்களாயின் 80 இலட்சம். அனைத்தும் 5,000 ரூபாத் தாள்களாயின் 4 கோடி. ஆகவே, ஓர் இயந்திரம் கொள்ளும் பணத்தைத் தீர்மானிப்பது அதன் பருமனைக் காட்டிலும் அதிலிடப்படும் தாளின் பெறுமதியேயாகும்.

ஆனால், கொள்ளளவு முழுவதும் நிரப்பப்படுவது அரிது. இயந்திரத்தினுள் கிடக்கும் பணம் வங்கிக்கு வட்டி ஈட்டித் தருவதில்லை. உள்ளே இருக்கும் தொகைக்கேற்பக் காப்புறுதிச் செலவும் அபாயமும் உயர்கின்றன. எனவே, சம்பள நாள், ஓய்வூதிய நாள், பண்டிகை, வார இறுதி ஆகியவற்றைக் கணக்கிட்டு, அடுத்த நிரப்பல் வரையில் போதுமான தொகையையே வங்கிகள் இடுகின்றன. இக்கணக்குத் தவறும் போதுதான் பெருநாளுக்கு முதல்நாள் இயந்திரம் வெறுமையாகின்றது. ஆக, அது கையிருப்புச் செலவைக் குறைக்கும் திட்டமிடலின் விளைவேயன்றி, பணத் தட்டுப்பாட்டின் அடையாளமன்று.

இயந்திரத்தின் மேற்பாகத்தில் கணினியும் கீழ்ப்பாகத்தில் கனத்த உருக்குப் பெட்டகமும் உள்ளன. கணினியைத் திருத்த வரும் தொழில்நுட்பவியலாளருக்குப் பெட்டகத்தின் திறப்பு வழங்கப்படுவதில்லை. பெட்டகத்தைத் திறப்பதற்கு இருவர் சேர்ந்து செயற்படவேண்டும் என்ற நடைமுறையும், இலக்கத்தை இட்டபின் சிறிது நேரம் கழித்தே திறக்கும் பூட்டும் பல வங்கிகளில் உண்டு. பெட்டகம் நிலத்துடன் ஆணியிட்டுப் பொருத்தப்படுகின்றது. அதிர்வு, வெப்பம், சாய்வு ஆகியவற்றை உணர்ந்து எச்சரிக்கை எழுப்பும் கருவிகளும் பொருத்தப்படுகின்றன. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில், பெட்டி உடைக்கப்பட்டவுடன் தாள்கள் மீது அழியாத மை தெளிக்கும் ஏற்பாடும் உள்ளது.

இவ்வளவும் இருந்தும் பெட்டகங்கள் தாக்கப்படாமலில்லை. ஜேர்மனியில் 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 496 ஏ.ரி.எம். இயந்திரங்கள் வெடிவைத்துத் தாக்கப்பட்டதாக அந்நாட்டின் சமஷ்டிக் குற்றவியல் பொலிஸ் பதிவு செய்தது. நெதர்லாந்தில் இத்தகைய தாக்குதல்கள் காரணமாக, 2019 டிசம்பரில் பெரும் வங்கிகள் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை தமது இயந்திரங்களை மூடிவைக்கத் தீர்மானித்தன. எனினும், வெடிவைப்போர் எடுத்துச் செல்லக்கூடியது அந்த ஓர் இயந்திரத்தில் உள்ளதை மாத்திரமே. அந்த நட்டமும் வங்கியையும் காப்புறுதி நிறுவனத்தையுமே சாரும். எந்தவொரு வாடிக்கையாளரின் கணக்கும் அதனால் குறைவதில்லை.

பெருங்கொள்ளைகளோ பெட்டகத்தைத் தொடாமலே நிகழ்ந்திருக்கின்றன. 2013 பெப்ரவரியில் ஓமானின் பாங்க் மஸ்கட் வங்கியின் முற்கொடுப்பனவு அட்டைகளுக்கான கணினி முறைமை ஊடுருவப்பட்டு, பணமெடுக்கும் எல்லை நீக்கப்பட்டது. சில மணித்தியாலங்களுக்குள் பல நாடுகளிலுள்ள இயந்திரங்களிலிருந்து சுமார் 4 கோடி டொலர் எடுக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் இந்தியாவின் புனே நகரிலுள்ள கொஸ்மொஸ் கூட்டுறவு வங்கி இழந்த 94 கோடிக்கும் அதிகமான இந்திய ரூபாவில் பெரும்பகுதி, 28 நாடுகளில் போலி அட்டைகளைக் கொண்டு எடுக்கப்பட்டதாகும். இச்சம்பவங்களில் எந்த இயந்திரமும் உடைக்கப்படவில்லை. ஒவ்வோர் இயந்திரமும் தனக்கு வந்த கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பணத்தை எண்ணிக் கொடுத்தது.

சாதாரண வாடிக்கையாளருக்கு நேரும் ஆபத்தும் இத்தகையதே. அட்டை செருகும் வாயில் மெல்லிய கருவியொன்றைப் பொருத்திக் காந்தப்பட்டியின் தகவலைப் பிரதி செய்வதும், சிறு கெமராவினால் இரகசிய இலக்கத்தைப் பார்ப்பதும் நீண்டகாலமாக அறியப்பட்ட மோசடியாகும். சிப் பொருத்திய அட்டைகளைப் பிரதி செய்வது மிகக் கடினம் என்பதால் இது குறைந்துள்ளது. ஆயினும் பல அட்டைகளின் பின்புறத்தில் காந்தப்பட்டி இன்னமும் இருக்கின்றது. நான்கு எண்களில் 10,000 இலக்கங்கள் சாத்தியம். மூன்று முறை தவறினால் அட்டை முடக்கப்படும் என்பதால் ஊகித்துக் கண்டறிவது கடினம். பிறந்த ஆண்டையே இலக்கமாக வைப்பவர் அந்தப் பாதுகாப்பைத் தாமே கைவிடுகின்றார்.

இங்கேதான் முக்கியமான கேள்வி எழுகின்றது. 'நான் எடுக்கவில்லை' என வாடிக்கையாளரும் 'உமது அட்டையும் இலக்கமுமே பாவிக்கப்பட்டுள்ளன' என வங்கியும் கூறினால், யாருடைய சொல் ஏற்கப்படும்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரொஸ் அண்டர்சன் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.ரி.எம். மோசடிகளுக்குப் பெரும்பாலும் காரணம் இரகசியக் குறியீட்டு முறை உடைக்கப்பட்டமை அல்ல; ஊழியர் முறைகேடு, நிர்வாகக் கவனயீனம், முறைமைகளைத் தவறாக அமைத்தமை என்பனவே எனச் சுட்டிக்காட்டினார். இங்கிலாந்தில், தமது கணக்கிலிருந்து பணம் போய்விட்டதாக முறையிட்ட பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரே மோசடிக்கு முயன்றவராக 1994இல் குற்றவாளியாக்கப்பட்டார். தமது கணினி முறைமையை எதிர்த்தரப்பு நிபுணர் பரிசோதிக்க நிதி நிறுவனம் இடமளிக்காத நிலையில், 1996இல் மேன்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார். இடைப்பட்ட காலத்தில் அவர் சுமந்த அவமானத்தை எந்தத் தீர்ப்பாலும் ஈடுசெய்ய முடியாது.

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் இலத்திரனியல் நிதி மாற்றல் சட்டம் இதற்குத் தெளிவான விடை தந்தது. அட்டை தொலைந்ததை அறிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் அறிவித்தவரின் பொறுப்பு 50 டொலரைத் தாண்டாது. பணம் எடுக்கப்பட்டமை வாடிக்கையாளரின் அனுமதியுடனேயே என்பதை நிரூபிக்கும் கடமை வங்கியினுடையது. நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் மோசடிக்காரரைத் தண்டிக்க வழிசெய்கின்றது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் முறைப்பாடுகளைக் கையாளும் கடமையை நிதி நிறுவனங்கள் மீது சுமத்தியுள்ளன. வங்கியின் பதிலில் திருப்தியுறாதவர் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தையோ, ஒம்புட்ஸ்மன் எனப்படும் நிதிக் குறைகேள் அதிகாரியையோ நாடலாம்.

பணம் வெளிவராமலே கணக்கில் கழிக்கப்பட்டால் பதற்றமடையத் தேவையில்லை. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இயந்திரத்தில் பதிவாகின்றது. வெளிவராத தாள்கள் உள்ளேயே தங்கிவிடுவதால், கணக்கைச் சரிபார்க்கையில் அத்தொகை மிகையாகத் தென்படும். திகதி, நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து உடனடியாக எழுத்தில் முறையிடுவதே செய்யவேண்டியது. 2013இல் லங்காகிளியர் நிறுவனம் பொது ஏ.ரி.எம். வலையமைப்பை ஆரம்பித்ததிலிருந்து ஒரு வங்கியின் அட்டையை மற்றொரு வங்கியின் இயந்திரத்தில் பாவிக்க முடிகின்றது. அவ்வாறு பாவித்த வேளையிலும் அட்டையை வழங்கிய வங்கியிடமே முறையிடல் வேண்டும்.

நமது சமூகங்களில் மற்றுமொரு வழக்கம் கவலைக்குரியது. மத்திய கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பிள்ளைகளோ கணவரோ அனுப்பும் பணத்தை எடுப்பதற்காக, அட்டையையும் இலக்கத்தையும் அயலவரிடம் ஒப்படைப்போர் பலர். அட்டை உறையிலேயே இலக்கத்தை எழுதிவைக்கும் முதியவர்களும் உள்ளனர். விரும்பி வழங்கப்பட்ட இலக்கத்தினால் ஏற்படும் இழப்புக்கு வங்கிகள் பெரும்பாலும் பொறுப்பேற்பதில்லை. இவர்களுக்குத் தமிழில் பொறுமையாக விளக்கமளிப்பதும், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் குறுஞ்செய்தி மூலம் அறியும் வசதியைப் பெற்றுக்கொடுப்பதும் கிளை உத்தியோகத்தர்களின் கடமையாகும். வீட்டிலுள்ள படித்த இளையோருக்கும் இதில் பங்குண்டு.

தமக்குச் சொந்தமான பெட்டகத்தைச் சூழ வங்கிகள் உருக்கையும் பூட்டையும் கெமராவையும் நிறுத்தியிருக்கின்றன. அது நியாயமே. அதே அக்கறை, ஓய்வூதியத்தையும் வெளிநாட்டு உழைப்பையும் நம்பி வைப்பிலிட்ட ஏழையின் கணக்குக்கும் கிடைத்தல் வேண்டும். இயந்திரம் தவறிழைக்காது என்ற அனுமானத்திலிருந்து வங்கி பேசத் தொடங்கினால், சாட்சியெதுவும் இல்லாத வாடிக்கையாளர் தோற்பது நிச்சயம். பதிவேடுகளும் கெமராக் காட்சிகளும் வங்கியின் கையிலேயே இருப்பதால், நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியிடமே இருக்கவேண்டும் என்பதைச் சட்டம் ஐயத்துக்கிடமின்றிக் கூறவேண்டும்.