மூன்று நாள் ஈரம்

தென்னை வைப்பதற்காகத் தோண்டிய குழி அது. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே, மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் ஓர் ஓடையின் மேட்டுக்கரையில் இருந்தது. பங்குனி வெயிலில் அதற்குள் இறங்கி, பக்கச்சுவரை அரிவாள் முனையால் சீவிப் பார்த்தேன். மேலே ஒரு சாண் வெளுத்த மணல். அதன் கீழே நாலு விரல் கனத்துக்குப் பருமணல். அடுத்து ஒரு விரல் கனத்தில் தவிட்டு நிற வண்டல், தொட்டால் குளிர்ந்தது. மறுபடியும் பொடிமணல். அடியில் உருண்டை உருண்டையாகச் சரல்.

ஒவ்வொரு அடுக்கும் ஒரு வெள்ளம். வேகமாக வந்த வெள்ளம் சரலையும் பருமணலையும் போட்டிருக்கிறது. வேகம் தணிந்து தேங்கி நின்ற வெள்ளம் வண்டலை விட்டுப் போயிருக்கிறது. எந்த வருடத்து மழை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மண் மட்டும் வைத்திருக்கிறது.

நாஞ்சில் நாடு என்றதும் ஏலா என்னும் வயல்வெளியும் குளமும்தான் நினைவுக்கு வரும். தேரூர்க் குளம், சுசீந்திரத்து வயல், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். பறளியாற்று நீரைப் பழையாற்றுக்குத் திருப்பிய பாண்டியன் காலும், 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும் சேர்ந்து காத்த பச்சை அது. ஆனால் நாகர்கோவிலிலிருந்து கிழக்கே வெள்ளமடம், தோவாளை என்று போகப் போக நிலத்தின் குணம் மாறிவிடும். மேற்கே குலசேகரத்தை நனைக்கும் மழை இங்கே வரும்போது மெலிந்துவிடுகிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்மட்டம் ஏறும் செய்தியைப் படிக்கிற அளவுக்கு, இந்தப் பக்கத்து 42.65 அடிப் பொய்கை அணை நிரம்பியதாகப் படிப்பதில்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும். அதே காற்று மண்ணின் ஈரத்தையும் கொண்டுபோகும். கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கிழக்கு விளிம்பைக் காற்றாலைக்காகவும் தோவாளைப் பூச்சந்தைக்காகவும் மட்டும் குறிப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மண்ணுக்காகவும் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

ஆறோ ஓடையோ ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. தன் படுகையைத் தானே அறுத்துக் கீழிறங்கும். அப்போது முன்பு வெள்ளம் பரவிய சமவெளி, நீர் எட்டாத படியாக மேலே நின்றுவிடும். சில ஓடைகளின் கரையில் இப்படி இரண்டு, மூன்று படிகள்கூட உண்டு. மேலே போகப்போக வயது கூடும். அந்தப் படிமேட்டு மண்தான் நம் பேச்சு. பிறப்பால் ஆற்று வண்டல். ஆனால் இன்று ஆறு அதைத் தொடுவதில்லை.

குழியின் மணலை உள்ளங்கையில் பரப்பினால் வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவே சிவப்புப் பொடி மின்னும். அது கார்னெட். மகேந்திரகிரி மலைத்தொடரின் பாறைகளில் இருந்து வருவது. கறுப்பாகத் தெரிவதில் இல்மனைட் இருக்கும். இதே மலைப்பாறைகளின் துகள்கள்தான் ஆறுகள் வழியே கடலுக்குப் போய், அலையால் சலிக்கப்பட்டு, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் குவிகின்றன. அங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த கதை இங்கே பலருக்கும் தெரியும். கடற்கரை மணலுக்கு உலகப் பெயர் கிடைத்துவிட்டது. வழியிலேயே தங்கிவிட்ட மணலை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இந்த மண்ணோடு பழகுவதற்கு ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். மணல் நிலம் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் நீரைக் குடிக்கும். களி நிலத்துக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் முடியும். ஆனால் குடித்ததை வைத்திருப்பதில் நிலைமை தலைகீழ். ஒரு மீட்டர் ஆழ மணலில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் 25 முதல் 100 மில்லிமீட்டர். களியில் 175 முதல் 250. நம் மேட்டு மண்ணுக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். பயிரின் வேர் இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர் இறங்குகிறது என்றால் கையில் இருப்பது 36 மில்லிமீட்டர். அதில் பாதி தீர்ந்ததுமே பயிர் வாடத் தொடங்கும். செலவழிக்கக்கூடியது 18. காற்றும் வெயிலும் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் எடுத்துக்கொண்டால் மூன்றே நாள். களி வயலில் இதே கணக்குப் போட்டால் பத்து நாள் தாங்கும். வயலுக்குப் பாய்ச்சுவது போல இங்கே வாரம் ஒருமுறை வாய்க்கால் நிறையத் தண்ணீரை விட்டால், முதல் நாளே பெரும்பகுதி வேரைத் தாண்டிக் கீழே போய்விடும்; நாலாம் நாள் பயிர் தலை தொங்கும். குறையைத் தண்ணீர் மேல் போடுகிறோம். தப்பு நாம் கொடுக்கிற முறையில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்பதுதான் இந்த மண்ணுக்கு ஏற்றது. சொட்டுநீர்க் குழாய் இதற்கென்றே பிறந்தது போலப் பொருந்தும்.

அப்படியானால் இது ஆகாத மண்ணா? அங்கேதான் விஷயம் சுவையாகிறது. இமானுவேல் நோய்-மெய்ர் என்ற இஸ்ரேலியச் சூழலியலாளர் 1973-ல் வறண்ட நிலங்களைப் பற்றி எழுதியபோது ஒன்றை எடுத்துக்காட்டினார். மழை மிகுந்த இடத்தில் களிமண் வளமானது. மழை குறைந்த இடத்திலோ மணலே செடிகொடிகளுக்கு நல்லது. காரணம் எளியது. வறண்ட ஊரில் பெய்யும் சிறுமழை களிமண்ணில் மேலாகவே நின்று, வெயிலில் ஆவியாகிவிடும். மணலில் அது சட்டென்று ஆழம் போய்விடும். மேலே உள்ள மணல் காய்ந்ததும் கீழிருந்து நீர் ஏறி வரும் நுண்வழிகள் அறுந்துபோகும். காய்ந்த மணலே மூடியாகிவிடும். ஆழமாக வேர்விட்ட மரத்துக்கு அந்த நீர் மாதக்கணக்கில் காத்திருக்கும். மூன்று நாள் கணக்கு இரண்டடி வேருக்குத்தான்.

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்து ஹோப்பிப் பழங்குடியினர் இதை நூற்றாண்டுகளாகச் செய்து காட்டுகிறார்கள். மணற்பாங்கான நிலத்தில் மக்காச்சோள விதையை ஓரடி ஆழம்வரைகூட இறக்கி ஊன்றுவார்கள். மேல்மணல் காய்ந்து கிடக்க, விதை கீழே ஈரத்தில் முளைக்கும்.

குழிச்சுவரில் இருந்த அந்த ஒரு விரல் வண்டலுக்கும் இதில் பங்கு உண்டு. வண்டலுக்கு அடியில் மணல் இருந்தால் நீர் விழுந்தடித்து இறங்கிவிடும் என்றே நமக்குத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. வண்டலின் நுண்துளைகள் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கீழே உள்ள மணலின் பெரிய துளைகளால் அதை இழுக்க முடியாது. மேலடுக்கு நிரம்பி வழிகிற நிலைக்கு வந்த பிறகே ஒரு சொட்டு இறங்கும். ஆக, வண்டல் பட்டை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சிறு தொட்டி இருக்கிறது. மண்ணியலாளர்கள் இவ்வகை மண்ணை ஃப்ளூவென்ட் என்ற பிரிவில் வைக்கிறார்கள். ஆறு என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். அதற்கு அவர்கள் பார்க்கும் முக்கிய அடையாளமும் இந்தப் பட்டைகள்தான். மற்ற மண்ணில் மக்கு மேலே மிகுந்து, கீழே போகப்போகச் சீராகக் குறையும். இதிலோ ஏறியும் இறங்கியும் இருக்கும். இரண்டடிக்குக் கீழே, மேலே இருப்பதைவிடச் சத்தான பட்டை ஒன்று புதைந்திருக்கலாம். மேல்மண்ணை மட்டும் பொட்டலம் கட்டி மண் பரிசோதனைக்கு அனுப்புகிறவர்களுக்கு அது தெரிய வராது.

சத்து விஷயத்தில் மணலின் கை ஓட்டை. யூரியாவை மொத்தமாகப் போட்டால் அடுத்த மழையோடு கீழே போய்விடும். நாலாகப் பிரித்துப் போட வேண்டும். தொழுவுரம் இங்கத்தி வெயிலில் சீக்கிரம் எரிந்துபோகும். வருடா வருடம் போட வேண்டும். முன்னோர் கண்ட வழி குளத்துக் கரம்பை. கோடையில் வற்றிய குளத்தின் வண்டலை வண்டி வண்டியாக விளையில் அடித்துப் பரப்புவார்கள். களித்துகள் சேரச் சேர மணலுக்குப் பிடிமானம் வரும். இந்த வண்டலை உழவர்கள் இலவசமாக எடுக்க அரசு அனுமதி தருகிறது. 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அந்த அனுமதி கிடைக்கிறது. குளமும் ஆழமாகும், விளையும் தேறும்.

விளை என்ற சொல்லைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது. வயலை ஏலா, பத்து என்றும், மேட்டுத் தோட்டத்தை விளை என்றும் பிரித்த ஊர் இது. பெருவிளை, வட்டவிளை, சரலூர் என்று ஊர்ப்பெயரிலேயே மண் வரைபடம் வரைந்து வைத்திருக்கிறார்கள். எங்கே எதை வைப்பது என்பதும் அதில் அடக்கம். வேரில் நீர் தேங்கினால் பிச்சி தாங்காது. வடிகிற மண் அதற்கு உகந்தது. விடியுமுன் தோவாளைச் சந்தைக்கு வரும் பிச்சிக்கும் அரளிக்கும் பின்னால் இந்தக் கிழக்கு மண்ணின் குணம் இருக்கிறது. பனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரம் எங்கே ஒளிந்திருந்தாலும் அதன் சல்லிவேர் தேடிப் போய்விடும்.

இப்போது என் மனசை அறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஓடைப்படுகையில் மணல் அள்ள அள்ளப் படுகை இறங்குகிறது. படுகை இறங்கினால் இரு கரையின் நிலத்தடி நீரும் அதை நோக்கி வடிந்து தாழ்கிறது. மேட்டுக்கரைக் கிணறு வற்றுவதற்கு மேட்டுக்கரையில் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. ஆற்றுமணல் குவாரிகளைத் தமிழக அரசே 2003-ல் கையில் எடுத்துக்கொண்டது. ஆனால் திருட்டுச் சுமைக்கு இருட்டு போதும். செங்கல் சூளைகளோ எதிர்ப்பக்கத்தில் இருந்து வருகின்றன. அவற்றுக்கு மணல் வேண்டாம், அந்த ஒரு விரல், இரு விரல் வண்டல்தான் வேண்டும். பட்டையை உரித்தெடுத்த மேட்டில் தொட்டி போய்விடுகிறது. மிஞ்சுவது வெறும் சல்லடை. பல வெள்ளங்கள் வந்து அடுக்கியதை ஒரு பொக்லைன் அரை நாளில் கலைத்துவிடும். திரும்ப அடுக்க அந்த உயரத்துக்கு இனி ஆறு வராது.

கோதையாறு பாசனக் கால்வாய்களை ஜூன் முதல் தேதி திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். மேட்டு நிலம் வைத்திருப்பவர்கள் குழி எடுத்துப் பார்க்க அதற்குப் பிறகான நாட்கள் நல்லவை. பக்கச்சுவரைச் சீவி, பட்டை மாறும் இடமெல்லாம் ஓர் ஆணி குத்தி, எத்தனை விரல் கனம் என்று குறித்துக்கொள்ளலாம். வண்டல் ஒரு முழத்துக்குள் இருந்தால் காய்கறிக்கும் பிச்சிக்கும் துணிந்து இறங்கலாம். மூன்றடி வரை மணலாகவே இருந்தால் மரம்தான்.

அன்று அந்தக் குழியில் வண்டல் பட்டையை ஒட்டி, பக்கத்துப் பனையின் வேர்கள் கொத்தாக ஓடியிருந்தன. மேலும் கீழும் உள்ள மணலில் ஒன்றிரண்டுதான். தை பிறந்ததில் இருந்து அந்தப் பக்கம் மழை இல்லை. வண்டலுக்குக் கீழே இருந்த பொடிமணலில் ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையை விரித்தேன். நாலு விரல் தடமும் அதில் நின்றது.