மனத்தின் ஆட்சி – 7: காதுப் படம்

கேட்டதை வேலை முடியும்வரை கருத்தில் ஏந்தி நிற்கும் நினைவு, எழுகிற உந்துதலை அடக்கி நிறுத்தும் சக்தி, ஒரு வழி அடைபட்டால் மறு வழிக்குத் திரும்பும் நெகிழ்ச்சி என்னும் மூன்றையும் மனத்தின் நிர்வாக சக்திகள் என்று சென்ற இதழில் வகுத்துக்கொண்டோம். இவை வளராத மாணவனுக்கு எத்தனை சிறந்த புத்தகமும் பக்கத்தில் யாரேனும் நிற்கும்வரையில்தான் பயன்படும். அப்படியானால் இவற்றைக் குழந்தையிடம் உண்டாக்குவது எப்படி? 'கவனமாக இரு', 'பொறுமையாக இரு' என்று அல்லும் பகலும் உபதேசித்தும் பலன் காணாத பெற்றோர் அனைவருக்கும் உரிய கேள்வி இது.

ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா சென்ற எலினா பொட்ரோவாவும் அவருடைய சகா டெபொரா லியோங்கும், கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் 1993-ல் தொடங்கிய 'மனத்தின் கருவிகள்' என்ற பாலர் கல்வித் திட்டத்தில், இதற்கு ஒரு விடை இருக்கிறது. அங்கே நாலைந்து வயதுக் குழந்தைகள் இருவர் இருவராக உட்கார்ந்து படப்புத்தகத்தைப் புரட்டிக் கதை சொல்கிறார்கள். அந்தப் பிராயத்தில் சொல்வதற்குத்தான் எல்லோருக்கும் ஆசை. கேட்பதற்கு ஒருவரும் இசைய மாட்டார். ஆசிரியை அதட்டுவதில்லை. ஒரு குழந்தையின் கையில் உதடு வரைந்த அட்டையையும், மற்றொன்றின் கையில் காது வரைந்த அட்டையையும் கொடுத்து, 'காது பேசாது, கேட்கும்' என்று நினைவூட்டுகிறார். வாய் துறுதுறுக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தை தன் கையிலுள்ள காதைப் பார்த்துக்கொள்கிறது. பிறகு அட்டைகள் கைமாறுகின்றன. சில மாதங்களில், அட்டை இல்லாமலே கேட்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அட்டையைக் கொடுத்ததைக் காட்டிலும், உரிய காலத்தில் அது விலகிக்கொண்டதையே இம்முறையின் ஜீவன் என்று நான் கருதுகிறேன்.

இதன் வேர் லெவ் வைகாட்ஸ்கி என்னும் ரஷ்ய உளநூலாரிடம் இருக்கிறது. க்ஷயரோகத்தால் 1934-ல், 37-ஆம் வயதிலேயே மறைந்த அந்த மேதை, குழந்தை விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வதை வெறும் பிதற்றலாகக் கொள்ளாமல், பெரியவர்கள் அதற்கு இட்ட கட்டளைகளை அது இப்போது தனக்கே இட்டுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது என்றும், அந்தப் பேச்சே நாளடைவில் ஒலி அடங்கிச் சிந்தனையாக உள்ளே போய்விடுகிறது என்றும் கண்டார். அவருடைய தோழர் அலெக்ஸாண்டர் லூரியா, மூன்று வயதை ஒட்டிய குழந்தைகளின் கையில் ஒரு ரப்பர்க் குமிழைக் கொடுத்துப் பார்த்தபோது, 'அழுத்தாதே' என்று தாமே சொல்லிக்கொண்ட பிள்ளைகள் சொல்லிக்கொண்டே அழுத்திவிட்டதைக் கவனித்தார். அந்த வயதில் சொல்லின் பொருளைவிட அதன் வேகமே கையை ஆட்டிவைக்கிறது. தடைச் சொற்களை மட்டுமே நம்பும் வீடுகள் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

டென்வர் முறையில் விளையாட்டுக்கும் திட்டம் உண்டு. 'நான் டாக்டராக இருந்து பாப்பாவுக்கு ஊசி போடப்போகிறேன்' என்று குழந்தை முதலில் வாயால் சொல்லி, அதைப் படமாக வரைந்து, எழுதத் தெரியாவிட்டாலும் வார்த்தைக்கு ஒரு கோடாகக் கீழே இட்டுக்கொள்கிறது. நடுவில் அது வேறெங்கோ ஓடினால், 'உன் திட்டத்தில் என்ன இருந்தது?' என்பதே ஆசிரியையின் வினா.

இம்முறையில் பயின்றோர் உள்ளிட்ட 147 குழந்தைகளை அடீல் டயமண்ட் என்னும் ஆய்வாளரின் குழுவினர் சோதித்த முடிவு 2007-ல் வெளியாயிற்று. இதயம் தோன்றினால் அதே பக்கத்துப் பொத்தானையும், பூத் தோன்றினால் எதிர்ப்பக்கத்துப் பொத்தானையும் அழுத்த வேண்டும் என்பது போன்ற, கடினமான விதிகளில் இம்முறையில் பயின்றோரே மேம்பட்டு நின்றனர். எனினும் பின்னர் நடந்த ஒரு பெரிய ஆய்வில் அத்தகைய அனுகூலம் தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அட்டையை அச்சிட்டு அனுப்பிவிடலாம். அதை எப்போது கொடுப்பது, எப்போது வாங்கிக்கொள்வது என்ற விவேகத்தை அச்சிட்டு அனுப்ப முடியாது என்பது என் எண்ணம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பத்தாம் வகுப்புப் பையனுக்காகத் தாய் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுகிறாள், எழுப்புகிறாள், எந்தப் பாடம் மிச்சமிருக்கிறது என்பதையும் அவளே நினைவில் சுமக்கிறாள். பொதுத்தேர்வில் மதிப்பெண் வந்துவிடுகிறது; திட்டமிடும் சக்தி மட்டும் தாயிடமே தங்கிவிட, கல்லூரி விடுதியில் முதல் பருவத்திலேயே பிள்ளை திகைத்து நிற்கிறான். அட்டவணையை அவன் கையாலேயே எழுதச் செய்து, ஞாயிறு மாலையில் அவனோடு உட்கார்ந்து, எழுதியதில் எது நடந்தது, எது நடவாமற்போனது, ஏன் என்று கோபமில்லாமல் பேசிப் பார்க்கட்டும். முதல் மாதம் வாரந்தோறும், அடுத்த மாதம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், பிறகு அவனாக வந்து காட்டினால் மட்டும். அந்த இடைக்காலத்தில் ஒரு மாதத் தேர்வில் நாலு மார்க்கு குறைந்தாலும் தாய் அட்டவணையைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கூடாது.

(தொடரும்)