பெரியவர்கள் சொல்லாமல் வரைய முடியாத படம்

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் மின்சாரம் தரத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. இன்று திருவொற்றியூரில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அது ஓடிய காலம் நினைவில் இருக்க வாய்ப்பில்லை. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் எங்கெங்கே படிந்து ஆழத்தைத் தூர்த்தது என்று சொல்ல, அதில் அரை நூற்றாண்டு வலை வீசியவர்கள் வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த நாளில் ராயபுரத்து மாடிகளில் உலர்த்திய துணியில் கரி படிந்ததை அந்தத் தலைமுறைப் பெண்கள் அறிவார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 2011-ல் நிலக்கரி, இரும்புத்தாது போன்ற தூசு பறக்கும் சரக்குகள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டன. ராயபுரத்துப் பாட்டி துடைத்துச் சலித்த தூசியை இன்று எண்ணூர்ப் பிள்ளை துடைக்கிறது. ஆனால் இந்த இருவரும் உட்கார்ந்து பேச ஊரில் ஓர் இடம் இல்லை. மாணவர்களும் முதியவர்களும் சேர்ந்து ஒரு கலைப்படைப்பை உருவாக்கும் முயற்சி வடசென்னைக்கு ஏன் தேவை என்ற கேள்விக்கு இதுவே முதல் விடை.

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 10.4 சதவீதம். அதிகாரபூர்வ மதிப்பீடு 2021-க்கு 13.6 சதவீதம் என்றும், 2031-க்கு 18.2 சதவீதம் என்றும் சொல்கிறது. இந்தியாவின் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து முதியோர் பங்கு அதிகமுள்ள மாநிலம் இது. இதற்கு நாம் செய்துவருவது என்ன? அக்டோபர் 1 முதியோர் நாளில் பள்ளிப் பிள்ளைகளை முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போகிறோம். ஒரு பாட்டு, ஒரு சால்வை, ஒரு பழப்பை, ஒரு குழுப்படம். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் கொடுப்பவர் ஒரு பக்கமும் வாங்குபவர் மறுபக்கமும் நிற்கும் சந்திப்பில் உறவு முளைப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் எழுதிய நூலில், இரு தரப்பாருக்கு இடையே உள்ள தப்பெண்ணம் கரைய வெறும் சந்திப்பு போதாது என்றார். சம நிலை, பொதுவான குறிக்கோள், கூடி உழைத்தல், நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்பது அவர் கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட முதுமைப் பாகுபாடு பற்றிய அறிக்கையும், தலைமுறைகளை ஒன்றாகச் செயல்பட வைப்பதைப் பயனுள்ள மூன்று வழிகளில் ஒன்றாகச் சொல்கிறது. சால்வை போர்த்தும் விழாவில் ஆல்போர்ட் சொன்ன நான்கில் ஒன்றுகூடத் தேறாது.

ஆகவே என் வாதம் இது: பெரியவருடைய அறிவு இல்லாமல் வேலை ஓர் அடிகூட நகராது என்ற நிலை இருந்தால்தான் கூட்டுக் கலைத்திட்டம் சமூகத்தைக் கட்டும். அவரைப் பார்வையாளராகவோ வாழ்த்துரைப்பவராகவோ உட்காரவைத்தால் கட்டாது. எண்ணூர்க் கழிமுகத்தின் படத்தைப் பள்ளிச் சுவரில் வரைவதாக வைத்துக்கொள்வோம். செல்பேசியில் செயற்கைக்கோள் படத்தை எடுத்து, கட்டம் போட்டு, அளவு மாறாமல் சுவருக்கு ஏற்றுவது பிள்ளைகளுக்குக் கைவந்த வேலை. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது இன்றைய கரை மட்டுமே. அலையாத்தி மரங்கள் எதுவரை நின்றன, இறாலும் நண்டும் எந்தச் சேற்றில் கிடைத்தன, ஆளி எங்கே படர்ந்திருந்தது, இப்போது முழங்கால் அளவுள்ள தண்ணீர் அப்போது ஆளை மூழ்கடித்ததா என்பதெல்லாம் அதில் இல்லை. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் முறைவைத்துத் தொழில் செய்யும் ‘பாடு’ ஒழுங்கு எந்த நீரில் எப்படி நடந்தது என்பதும் இல்லை. கச்சான் அடித்தால் என்ன, கொண்டல் அடித்தால் என்ன, வாடையில் எந்த மீன் வரும் என்பதற்குப் படத்தில் இடமே இல்லை. “இங்க ரோடு கிடையாது, தண்ணி இருந்துச்சு” என்று தாத்தா சொன்னதும் பிள்ளை போட்ட கோட்டை அழிக்க வேண்டியிருக்கும். மறுபுறம், அந்தத் தண்ணீர் எத்தனை அடி அகலம் என்று கணக்கிட்டுச் சுவரில் வைக்கத் தாத்தாவுக்குப் பிள்ளை வேண்டும். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்கிறது. இந்தத் தேவைதான் இருவரையும் சமமாக்குகிறது.

இது ஏட்டளவில் நின்ற யோசனை அன்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வெள்ளநீர்க் கால்வாய் ஒன்றின் கான்கிரீட் சுவரில், ஓவியர் ஜூடி பாகா 1976-ல் தொடங்கி வரைவித்த ‘லாஸ் ஏஞ்சலிஸ் பெருஞ்சுவர்’ 2,754 அடி நீளமுள்ளது. 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பல கோடைகளில் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் பலர் சிறார் நீதித்துறையின் கண்காணிப்பில் இருந்தவர்கள். வரைவதற்கு முன் அவர்கள் செய்தது கேட்பதுதான். பாடநூலில் இடம்பெறாத மெக்சிகர், கறுப்பர், ஜப்பானியர் ஆகியோரின் வரலாற்றை அனுபவித்தவர்களிடமும் அறிஞர்களிடமும் கேட்டுத் திரட்டிய பிறகே தூரிகையைத் தொட்டார்கள். அந்த இளைஞர்களுக்கு வேலைவாய்ப்புத் திட்டங்களின் வழியே கூலியும் கிடைத்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரிலும் முன்னோடிகள் உண்டு. 2017 ஜனவரியில் கபேர் வாசுகியின் வரிகளை டி.எம். கிருஷ்ணா பாட, எண்ணூரில் படமாக்கி வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ கழிமுகத்தின் நிலையை அதுவரை காது கொடுக்காதவர்களிடம் கொண்டுசேர்த்தது. அதன் பலன் பெரிது. ஆனாலும் அது வெளியிலிருந்து வந்து நின்ற கலைஞரின் குரல். அடுத்த படி, ஊரின் பிள்ளைகளே பேசுவது. 2024-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தில், ஒளிப்படக் கலைஞர் எம். பழனிகுமாரின் வழிகாட்டலில் வடசென்னை இளைஞர்கள் எடுத்த படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ரவுடி, கத்தி, குப்பம் என்று சினிமா சலிக்காமல் காட்டிவந்த வடசென்னையை அங்கே பிறந்தவர்களே படம்பிடித்து நகரத்தின் நடுவில் மாட்டியது முக்கியமான நிகழ்வு. இதற்கு அடுத்த படியைத்தான் நான் கேட்கிறேன். கேமராவுக்கு முன்னால் நிற்கும் பெரியவர், எந்தப் படம் எடுக்க வேண்டும், எது விட்டுப்போனது என்று முடிவு செய்யும் இடத்துக்கும் வரட்டும்.

எதிர்வாதங்களில் வலுவானது இது: காற்றும் நீரும் கெட்டுக் கிடக்கும் ஊரில் சுவருக்கு வண்ணம் ஒரு கேடா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இந்த நிலையில் அழகுபடுத்தும் திட்டம் என்று யாராவது வந்தால் கோபம் வருவது நியாயம். கண்ணகி நகரில் 2020-ல் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்த பெரிய ஓவியங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தாலும், நகரின் நடுவிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்டவர்களின் வேலையும் தொலைவும் பற்றிய கேள்விகளை அவை தீர்க்கவில்லை. வெறும் அழகுபடுத்தலை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் எண்ணூரில் படம் என்பதே வழக்குக்கு உரிய பொருள். 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் இருந்த கழிமுகத்தின் பெரும்பகுதி பின்னர் வந்த வரைபடத்தில் காணாமல்போனது என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெற்ற ஆவணங்களைக் காட்டி 2017-ல் செயற்பாட்டாளர்கள் குற்றஞ்சாட்டினார்கள். அரசின் தாளில் ஆறு சுருங்கும்போது, முதியவர்கள் சொல்லப் பிள்ளைகள் வரைந்த சுவர் ஊரின் சாட்சியமாகிறது. நீதிமன்றத்தில் அது செல்லாமல் போகலாம். “இங்கே ஆறு இருந்ததா?” என்று கேட்கும் அடுத்த தலைமுறையிடம் செல்லும்.

இன்னொரு தயக்கம் உண்டு: பெரியவர்கள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அசோக் லேலண்டிலோ திருவொற்றியூர் என்ஃபீல்டிலோ வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் வீடு கட்டி மகளைப் படிக்கவைத்தவருக்கு ஆலைச் சங்கு நல்ல ஒலி. பாடு இழந்த மீனவருக்கு அதே ஆலைகளின் வரிசை தன் தண்ணீரைத் தின்ற வரிசை. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தலையில் சுமந்து விற்ற அம்மாவின் கணக்கு இந்த இரண்டிலும் அடங்காது. சாதியும் தெருவும் பிரித்துவைத்த நினைவுகளும் உண்டு. இவற்றை மழுப்பி ஒரே நிறத்தில் பூசினால் அது சுற்றுலாச் சுவரொட்டி ஆகிவிடும். மூன்று கதைகளும் அதே சுவரில் அருகருகே நிற்கட்டும். எதை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் வாதிட்டு முடிவு செய்யட்டும். வேறுபட்டவர்களோடு ஒரே சுவரைப் பங்கிடும் பழக்கத்தைத்தான் சமூகம் என்கிறோம்.

நேரமும் கூலியும் பற்றிய கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இங்கே பல முதியவர்கள் ஓய்வில் இல்லை. வலை பின்னுகிறார்கள், கருவாடு விற்கிறார்கள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள். மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியத்தில் வாழ்பவரிடம் பத்து நாள் பிற்பகலைக் கேட்டுவிட்டு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து அனுப்புவது அநீதி. அவர் தருவது நிபுணத்துவம், அதற்கு மதிப்பூதியம் தர வேண்டும். பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களை இதில் இழுக்கத் தேவையில்லை; 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகள் போதும். புவியியல், வரலாறு, அளவை ஆகிய பாடங்களோடு இந்த வேலை தானாகவே சேர்ந்துகொள்ளும்.

புதிய அமைப்பு எதையும் தொடங்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டிலிருந்து கலைத்திருவிழா நடந்துவருகிறது. அதில் ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து செய்யும் படைப்பு என்று ஒரு பிரிவைச் சேர்த்து, சுவரோவியம், ஒளிப்படம், பாட்டு, கோலம் எதுவானாலும் பெரியவரின் பெயரும் மாணவரின் பெயரும் ஒரே வரிசையில் வர வேண்டும் என்று விதி வகுக்கலாம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் உள்ள மாநகராட்சிப் பள்ளிகளின் சுற்றுச்சுவர்களிலிருந்து தொடங்கலாம். பாரதி மகளிர் கல்லூரி, சர் தியாகராயா கல்லூரி ஆகியவற்றின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் உரையாடல்களைப் பதிவுசெய்ய உதவலாம். பள்ளிக் கல்வித் துறையும் மாநகராட்சியும் இந்தக் கல்வியாண்டிலேயே முடிவெடுக்க வேண்டும். அனல்மின் நிலையத்துக்கு முந்தைய எண்ணூரைத் தங்கள் கண்ணால் கண்டவர்களுக்கு இப்போது எழுபதை ஒட்டியோ அதற்கு மேலோ வயது ஆகிறது.