எண்ணிப் பாயும் தண்ணீர், எண்ணி மேயும் ஆடு

தென் ஆப்பிரிக்காவின் கேப்டவுன் நகரிலிருந்து சனிக்கிழமை விடியற்காலையில் காரில் கிளம்பினால், மதியத்துக்குள் ‘கரூ’ எனப்படும் வறண்ட சமவெளிக்கு வந்துவிடலாம். பள்ளத்தாக்குகளில் திராட்சைத் தோட்டங்கள் முடிந்ததும் பசுமையும் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கண்ணுக்கு எட்டியவரை முழங்கால் உயரப் புதர்கள்தான். இங்கே பல இடங்களில் ஆண்டு மழை 200 மி.மீ.கூடக் கிடையாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக விவசாயம் நடக்கிறது. அது எப்படி என்பதை இரண்டு நாள் பயணத்திலேயே பார்த்துவிடலாம்.

ஓர் ஆட்டுக்கு 12 ஏக்கர்

சாலையின் இருபுறமும் கம்பி வேலி போகிறது. வெகு தூரத்துக்கு ஒரு பண்ணை வீடு. பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் காற்றாடி, ஒரு வட்டத் தொட்டி. ஆடுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். காரணம், மிக வறண்ட பகுதிகளில் ஒரு செம்மறி ஆட்டுக்கே 5, 6 ஹெக்டேர், அதாவது 12 முதல் 15 ஏக்கர் மேய்ச்சல் நிலம் தேவைப்படுகிறது.

பண்ணையை வேலி போட்டுப் பல பட்டிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பட்டியில் ஆடு மேயும்போது மற்றவை ஓய்வெடுக்கும். மேய்ந்த புதர் துளிர்த்து வளர்ந்த பிறகே ஆடுகள் அங்கே திரும்பும். வாசனைமிக்க இந்தப் புதர்களைத் தின்று வளர்வதால்தான் கரூ ஆட்டு இறைச்சிக்குத் தனிச் சுவை. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

முறை வைத்துப் பாயும் வாய்க்கால்

நெடுஞ்சாலையிலிருந்து விலகிச் சென்றால் பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற சிற்றூர். ஸ்வார்ட்பெர்க் மலையிலிருந்து வரும் நீர், தெருவோர வாய்க்கால்களில் ஓடுகிறது. நீர் உரிமை வீட்டு மனையோடு சேர்ந்தது. எல்லா மனைக்கும் கிடையாது. உரிமை உள்ளவர் தமது முறை வரும்போது மடைத் தகட்டைத் தூக்கி, தோட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்புகிறார். நேரம் முடிந்ததும் அடுத்தவர் முறை. ஒலிவ, அத்தி, திராட்சை எல்லாம் இந்த முறைப்பாசனத்தில்தான் நிற்கின்றன.

மலைக்கு அப்பால் தீக்கோழி

ஞாயிறு காலை ஸ்வார்ட்பெர்க் கணவாயைக் கடக்கலாம். தாமஸ் பெய்ன் என்ற சாலைப் பொறியாளர், கைதிகளின் உழைப்பைக் கொண்டு அமைத்து 1888-ல் திறக்கப்பட்ட மண் சாலை இது. உச்சி 1,500 மீட்டருக்கும் மேல். சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள் இன்றும் சாலையைத் தாங்குகின்றன.

இறங்கினால் ஔட்ஸ்ஹோர்ன். ஒரு காலத்தில் ஆற்றுப்பாசன நிலங்களில் குதிரை மசால் பயிரிட்டு, தீக்கோழி வளர்த்து, இறகு விற்றே மாளிகை கட்டிய ஊர். 1913-ல் தங்கம், வைரம், கம்பளி ஆகியவற்றுக்கு அடுத்த ஏற்றுமதிப் பொருள் இறகுதான். 1914-ல் போரும் மாறிய நாகரிகமும் சேர்ந்து சந்தையைக் கவிழ்த்தன; பலர் கடனில் மூழ்கினார்கள். இன்று தீக்கோழி வளர்ப்போருக்கு இறைச்சி, தோல், இறகு என்று மூன்று வருமானம்.

வெள்ளாடு தின்ற காடு

திரும்பும் வழியில் சில குன்றுகளில் ‘ஸ்பெக்பூம்’ என்ற சதைப்பற்றுள்ள செடி அடர்ந்திருக்கும். அடுத்த குன்று மொட்டையாக இருக்கும். யானை இந்தச் செடியை மேலிருந்து ஒடித்துத் தின்னும். தரையைத் தொட்டு வேர்விட்ட அடிக்கிளைகள் பிழைத்துக்கொள்ளும். வெள்ளாடோ அடிக்கிளைகளையே கடித்துவிடும். நிலம் தாங்கும் அளவுக்கு மேல் வெள்ளாடுகளை விட்ட இடங்களில் காடு அழிந்தது. தானாக மீளவும் இல்லை. இப்போது போத்துகளை வெட்டி நேரடியாக நட்டு மீட்கப் பார்க்கிறார்கள்.

வறட்சிக்குத் தீவனமாகும் என்று கொண்டுவரப்பட்ட மெஸ்கீட் மரமும் இப்படித்தான் ஆனது. நமது சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவான அது, கரூவின் வறண்ட ஆற்றுப்படுகைகளை ஆக்கிரமித்து நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது.

மழை குறைவு என்பதால் மட்டும் கரூவில் நிலம் கெடவில்லை. தண்ணீரை நேரம் பார்த்தும், ஆட்டைத் தலை எண்ணியும் விட்ட இடங்களில் விவசாயம் நிலைத்தது. எண்ணாமல் விட்ட குன்றுகளில் இன்று ஒவ்வொரு போத்தாக நட வேண்டியிருக்கிறது.

பயணம் செய்வோர் கவனத்துக்கு: பெட்ரோல் நிலையங்கள் தூரந்தூரமாகவே இருக்கும். குடிநீரும் மாற்று டயரும் அவசியம். கனமழை, பனிக் காலங்களில் கணவாய்ச் சாலையை மூடிவிடுவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.